பிணை நிற்க ஆளில்லாதவர் ‘பழைய குற்றவாளி’ ஆகும் விதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் நடைபாதைகளில் தங்கியிருப்பவர்களை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்றும், இரவுத் திருட்டுகளுக்கு அவர்களில் சிலரே காரணம் என்றும், காவல்துறை பிடித்துக்கொண்டு போனாலும் ஓரிரு மாதங்களில் திரும்பி வந்து அதே வேலையைச் செய்கிறார்கள் என்றும் வாசகர்கள் பலர் தங்கள் நாளிதழில் எழுதிவருகிறார்கள். அவர்களுடைய அச்சத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. காலையில் வந்து பார்க்கும்போது பூட்டு உடைக்கப்பட்டிருக்கும் கடைக்காரருக்கும், இரவுப் பணி முடிந்து தனியாக வீடு திரும்பும் பெண்ணுக்கும் பாதுகாப்பு கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் ‘திரும்பி வந்துவிடுகிறார்கள்’ என்பது எப்படி நேர்கிறது என்பதை, இந்நகரின் குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுத்தராகவும் பெஞ்ச் கிளார்க்காகவும் பணியாற்றியவன் என்ற முறையில் மிக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு பெறுவதற்காக, நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படும் ஒருவரின் தாள்களில் பெயர், தந்தை பெயர், வயது ஆகியவற்றுக்குப் பிறகு முகவரி எழுத வேண்டிய இடம் வரும். அங்கே ‘பிளாட்பாரம், வால்டாக்ஸ் ரோடு’ என்று எழுதப்பட்டிருந்தால், அவருடைய வழக்கு எப்படிப் போகும் என்பதை அப்போதே என்னால் சொல்லிவிட முடியும். மீன்பாடி வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் செல்பேசி திருடியதாகப் பிடிபட்ட வழக்கு ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன். அவருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டே வாரங்களில் கிடைத்தது. ஆனால் இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், அவர்களில் ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும், இருவரும் குடும்ப அட்டையும் வீட்டு வரி ரசீதும் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. நடைபாதையில் பிறந்து வளர்ந்தவருக்கு வீட்டு வரி கட்டும் உறவினர் எங்கே கிடைப்பார்? ஜாமீன் உத்தரவு கோப்பில் இருந்தது, அவர் சிறையில் இருந்தார். மூன்றாவது மாதம் விசாரணைக்கு வந்தபோது, அந்தத் திருட்டைத் தான் செய்யவில்லை என்று முதல் நாளிலிருந்து சொல்லிவந்த அவர், “ஒத்துக்கிட்டா இன்னிக்கே விட்டுடுவாங்களா சார்?” என்று என்னிடம் கேட்டார். ஒப்புக்கொண்டார். சிறையில் கழித்த நாட்களையே தண்டனையாகக் கொண்டு அன்று மாலையே விடுவிக்கப்பட்டார். அவர் திருடினாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நீதிமன்றத்துக்கும் தெரியாமலே போயிற்று. ஆனால் அவர் பெயருக்கு நேரே ஒரு தண்டனை பதிவாகிவிட்டது.

இந்தப் பதிவு பின்னால் என்ன செய்கிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவு, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி முதல்முறையாகத் தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதிலாகச் சமூக சேவையைத் தண்டனையாக விதிக்கிறது. மனிதத்தன்மையுள்ள இந்த ஏற்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன். அதே பிரிவு, இரண்டாவது முறை தண்டிக்கப்படுபவருக்குக் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு கடுங்காவல் என்கிறது. அப்படியானால், வெளியே வருவதற்கு வேறு வழியில்லாமல் ஒருமுறை குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு, புதிய சட்டம் தரும் அந்த முதல் வாய்ப்பு தொடக்கத்திலேயே பறிபோய்விடுகிறது. வீடும் உறவும் உள்ள ஒருவர் அதே குற்றச்சாட்டில் ஜாமீனில் வந்து, வழக்கறிஞர் வைத்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து விடுதலை பெறக்கூடும். இருவருக்கும் உள்ள வேறுபாட்டைக் குணத்தில் தேடிப் பயனில்லை.

திருட்டு வழக்கு இல்லாத நாட்களிலும் நடைபாதைவாசிகள் நீதிமன்றத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 75ஆவது பிரிவில் போடப்படும் வழக்குகளை நாங்கள் ‘எழுபத்தைந்து கேஸ்’ என்போம். குடித்துவிட்டுப் பொது இடத்தில் தகராறு செய்ததாகக் குற்றச்சாட்டு, சிறு அபராதம், கட்ட முடியாவிட்டால் சில நாள் சிறை. வீட்டுக்குள் குடித்துவிட்டுச் சண்டையிடுபவர் மீது இந்த வழக்கு வராது. அவரிடம் சாத்திக்கொள்ளக் கதவு இருக்கிறது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், வெளிப்படையான பிழைப்பு வழி இல்லை என்பதற்காகவே ஒருவரிடம் நன்னடத்தைப் பிணை, அதாவது ஒழுங்காக நடந்துகொள்வதாக உறுதி கூறும் பத்திரம், கேட்க இடமிருந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கிவிட்டது. பிறந்த சாதியை வைத்தே குற்றவாளி என்று முத்திரையிட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை அதற்கும் முன்பே, 1947இல், சென்னை மாகாணம் ஒழித்தது. இப்படிப்பட்ட நன்னடத்தைப் பிணைப்பத்திரத்தை மீறியதாகச் சொல்லி ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களிடம் கொடுத்திருந்த ஏற்பாடு செல்லாது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவித்தது. சட்டம் இத்தனை முறை திருந்தியிருக்கிறது. வேலையில்லாமல் தெருவில் நிற்பவர் சந்தேகத்துக்குரியவர் என்ற பழைய எண்ணம் மட்டும் நம்மை விட்டு முழுதாகப் போகவில்லை.

ஜாமீன் விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே பேசியிருக்கிறது. மோதிராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டு, வேறு மாவட்டத்துக்காரர் பிணை நிற்க முன்வந்தபோது அதையும் மறுத்த நடுவரின் உத்தரவை, 1978இல் நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். ஜாமீன் கிடைத்தும் ஏழு நாட்களில் வெளிவராத கைதியைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகளுக்கான திட்டம், விசாரணைக் கைதியின் பிணைத்தொகையாகத் தொடக்கத்தில் 40,000 ரூபாய் வரை கொடுக்கவும் வழி செய்தது. ஆனால் பணம் கொடுக்கும் திட்டத்தால் ஒரு முகவரியைக் கொடுக்க முடிவதில்லை. அந்த மனிதர் வாய்தாவுக்கு வருவாரா, எங்கே போய்த் தேடுவது என்ற நடுவரின் கேள்வி நியாயமானது. அதற்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

சொல்லக்கூடிய இடம் வீடற்றோர் காப்பகம்தான். ஒரு லட்சம் மக்கள் தொகைக்கு நூறு பேராவது தங்கும் நிலையான காப்பகம் வேண்டும் என்பது மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதி. எண்ணிக்கை ஒருபுறம் இருக்கட்டும். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று பிரித்தே பெரும்பாலான காப்பகங்கள் நடக்கின்றன. பாரிமுனைச் சந்துகளில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்கள் தங்களைப் பிரித்துக்கொண்டு அங்கே போகமாட்டார்கள். ‘ஏன், அரசு கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வீடு கொடுத்ததே, அங்கே போகலாமே’ என்று கேட்பவர்கள், சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து விடியற்காலை மூன்று மணி மூட்டை வேலைக்கு எந்தப் பேருந்தில் வருவது என்பதையும் சொல்ல வேண்டும். வீடு அங்கே, கூலி இங்கே என்றால் மனிதர் கூலி இருக்கும் இடத்தில்தான் படுப்பார். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தெருவில் நடக்கும் குற்றங்களுக்கு முதலில் ஆளாகிறவர்களும் இவர்களே. குழந்தையை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி அதன் காலைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு தூங்கும் தாய்மாரை அந்தப் பகுதியில் நான் பார்த்திருக்கிறேன்.

மனநலம் குன்றித் தெருவில் அலைபவர்களின் நிலை வேறு. அவர்களைக் காவல் நிலையம் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும், எந்தச் சூழலிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது என்றும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட பெண்களுக்காகவே 1993இல் இந்நகரில் தொடங்கப்பட்ட ‘பேனியன்’ அமைப்பின் அனுபவம், அவர்களில் பலர் சிகிச்சைக்குப் பின் குடும்பத்தோடும் அக்கம்பக்கத்தோடும் சேர்ந்து வாழ முடியும் என்பதைக் காட்டியிருக்கிறது. அவர்களையும் திருடர்கள் பட்டியலில் சேர்த்து எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

மீண்டும் மீண்டும் வேண்டுமென்றே திருடுபவர்கள் இல்லவே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. அவர்கள் மீது வழக்கு நடக்கட்டும், சாட்சி விசாரிக்கப்படட்டும், நிரூபணமானால் தண்டனை கிடைக்கட்டும். அவர்களைச் சரியாக அடையாளம் காண்பதற்காகவாவது, ஜாமீன்தாரர் இல்லாத காரணத்தால் மட்டுமே குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் அந்தக் கணக்கில் சேராமல் இருக்க வேண்டும் என்கிறேன்.

அதற்கு மாநகராட்சியும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிறைத்துறையும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால் போதும். காப்பகத்தின் முகவரியையும் அதன் பொறுப்பாளர் தரும் சான்றையும் ஏற்று, ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விடுமாறு நீதிமன்றங்களில் மனுச் செய்யலாம். புழல் சிறையிலிருந்து விடுதலையாகும் வீடற்றவரின் பெயரை முதல் நாளே காப்பகத்துக்குத் தெரிவித்து, அவர் எத்தனை மணிக்கு வந்தாலும் படுக்க இடம் வைத்திருக்கலாம். ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே, குடும்பமாகத் தங்கக்கூடிய காப்பகம் ஒன்றையாவது திறக்கலாம். அப்புறப்படுத்தக் கோரிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும் வியாபாரிகள் சங்கத்தினர், அந்த மனுவிலேயே இந்தக் காப்பகத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டுகிறேன். முதல் கையெழுத்து நான் இடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
ராயபுரம், சென்னை.