லென்ஸ் மாற்றும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வீடியோ கேம் பெட்டிகளை இளைஞர்கள் மறுபடியும் தேடி வாங்குவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால், கேம் பாதியில் நின்றால் டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் போய்விட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. ஈரோட்டில் 2004 முதல் இந்தப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். அந்த வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

போன மாதம் ஒரு அம்மா, மகனின் பிளேஸ்டேஷன் 2-ஐ மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்தார். வேறொரு கடையில் இரண்டு முறை லென்ஸ் மாற்றியாகிவிட்டதாம். கேம் ஒழுங்காகத் தொடங்கும். மூன்றாவது லெவல் வந்ததும் கறுப்புத் திரை. நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. என்னிடம் இருந்த அசல் டிஸ்க் ஒன்றைப் போட்டேன். ஒன்றரை மணி நேரம் தடையில்லாமல் ஓடியது. அப்புறம் அவர் கொண்டுவந்த காப்பி டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் சீரான ஊதா நிறம். வெளி ஓரத்தில் மட்டும் அரை விரல் அகலத்துக்கு வெளுத்து, தண்ணீர் காய்ந்த கறை மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது.

அசல் டிஸ்க்கில் தகவல், அச்சில் அழுத்திய நுண்ணிய குழிகளாக இருக்கும். காப்பி எடுக்க நாம் வாங்கும் பிளாங்க் (வெற்று) டிஸ்க்கில் இருப்பது ஒரு சாயப் பூச்சு. டிஸ்க்கில் எழுதும் ரைட்டர் கருவியின் லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் புள்ளி வைக்கிறது. டிஸ்க்கைச் சுழற்றிச் சாயத்தைப் பரப்புகிறார்கள். மட்டமான தயாரிப்பில் ஓரத்துக்குப் போகப் போக பூச்சு சீராக இருக்காது. எழுதுவதோ உள்ளிருந்து வெளியே. 4.7 ஜிபி டிவிடியை நிரப்பும் பெரிய கேம் என்றால் அதன் பின்பகுதி அந்த ஓரத்தில்தான் போய் உட்காரும். சினிமாவாக இருந்தால் படம் ஒரு நொடி உடைந்து மேலே போய்விடும். கேம் அப்படியில்லை. கேட்ட ஃபைல் முழுசாக வராவிட்டால் அங்கேயே ஹேங் ஆகிவிடும்.

இதைச் சரிசெய்கிறேன் என்று சிலர் லென்ஸ் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகைத் திருப்பி லேசரின் சக்தியைக் கூட்டிவிடுகிறார்கள். மட்டமான டிஸ்க்கும் அன்றைக்கு ஓடும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். கூடுதல் மின்சாரம் தாங்காமல் லேசர் சீக்கிரமே மங்கி, பிறகு அசல் டிஸ்க்கும் ஓடாது. நல்ல பெட்டியைக் கெடுக்கும் இந்த வேலையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

2007-இல் நானும் ஏமாந்தேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை குறைவு என்று 50 டிஸ்க் அடுக்கிய டப்பா ஒன்றை வாங்கிவந்தேன். எழுதி முடித்து ஒப்பிட்டுப் பார்த்ததில் 19 மட்டுமே தேறின. அதன்பிறகு ஜப்பானின் டையோ யூடென் டிஸ்க்குக்கு மாறினேன். 16 மடங்கு வேகத்தில் எழுதலாம் என்று அச்சிட்டிருந்தாலும் 8 மடங்குக்கு மேல் எழுத மாட்டேன். அன்று எழுதியவற்றில் பல இன்னும் ஓடுகின்றன. அந்த நிறுவனம் 2015-இல் இந்தத் தொழிலை விட்டுவிட்டது. என்னிடம் மிச்சம் இருப்பது கால் டப்பா.

அந்த அம்மா வீட்டில் கேமின் அசல் டிஸ்க், கீறலோடு இருந்தது. என் கணினி அதை மெதுவாகப் படித்துவிட்டது. நல்ல டிஸ்க் ஒன்றில் எழுதிக் கொடுத்தேன். பையன் மூன்றாவது லெவலைத் தாண்டிவிட்டான்.

அந்த ஒரு வரியை அடுத்த ஞாயிறு இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். லென்ஸ் மாற்றப் பணம் கேட்கும் கடையில், முதலில் ஓர் அசல் டிஸ்க்கைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள் என்றும் வாசகர்களுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
கேம் பெட்டி பழுதுபார்ப்பவர்,
ஈரோடு.