மயில்சாமிக்கு, பாட்டில்லாத பாட்டைப் பற்றி

அன்புள்ள மயில்சாமி,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுகிற ஆள், நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அப்போதே தெரிந்துவிட்டது, மனசு சரியில்லை என்று. வாடல் நோய்க்கு வெட்டிப்போட்ட தென்னைகளைப் பற்றி நீ எழுதியதைச் சாந்தியிடமும் படித்துக் காட்டினேன். அவளும் ரொம்ப வருத்தப்பட்டாள். டாக்டர் தியானம் பண்ணச் சொன்னாராம், நீ கண்ணை மூடினால் சொசைட்டிக் கடன்தான் தெரிகிறதாம். அந்த இடத்தில் மட்டும் சிரித்துவிட்டேன்.

தியானம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வேலையில்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பகல்கனா காண ஒரு வழி கிடைத்திருக்கிறது. 'நிம்மதிக்கு', 'ஆழ்ந்த உறக்கத்துக்கு' என்று யூடியூபில் தண்ணீர் சலசலக்கப் புல்லாங்குழல் ஊதுவார்களே, அதைச் சொல்லவில்லை. அதைக் கேட்டால் பல் டாக்டர் வீட்டு வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. நான் சொல்வது ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த இசை. முகம் சுளிக்காதே, மேலே படி.

உனக்குப் போத்தனூரைத் தாண்டி இருக்கிற செட்டிபாளையம் தெரியும். இன்றைக்கு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் கார் பந்தயத் திடல்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 1914இல் அங்கே பிறந்த ஒருவர் பிற்பாடு சுவாமி சச்சிதானந்தா ஆகி, ரிஷிகேஷ், இலங்கை எல்லாம் சுற்றி, 1966இல் அமெரிக்கா போனார். 1969இல் வுட்ஸ்டாக் இசை விழாவைப் பேசித் தொடங்கிவைத்த காவிச் சாமி அவர்தான். அவரிடம் போய்ச் சேர்ந்தவர்களில் ஆலிஸ் கோல்ட்ரேன் என்ற பியானோக் கலைஞரும் ஒருவர். அவர் கணவர் ஜான் கோல்ட்ரேன், ஜாஸ் உலகத்தில் சாக்ஸபோனுக்குப் பெரிய பெயர். 1967இல் நாற்பது வயதிலேயே போய்விட்டார். கணவர் சொல்லி வைத்திருந்த ஹார்ப், அதாவது நம் யாழ் மாதிரியான பெரிய தந்தி வாத்தியம், அவர் இறந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த அம்மா அதை வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

1970இல் பதிவாகி அடுத்த ஆண்டு வந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்ற அவருடைய இசைத்தட்டில் அந்த ஹார்ப் இருக்கிறது. முதல் பாட்டை மட்டும் கேள். எடுத்த எடுப்பில் தம்புரா. நம் கச்சேரிகளில் பின்னால் உட்கார்ந்து மீட்டுவார்களே, அதே தம்புராதான். அதன்மேல் செசில் மெக்பீ என்பவரின் பாஸ், அடித்தொனியில் பேசும் பெரிய தந்தி வாத்தியம், ஒரு சின்ன வரியைப் பிடித்துக்கொண்டு விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். அப்புறம் ஹார்ப் மேலேயிருந்து சரசரவென்று இறங்கும். ஃபாரோ சாண்டர்ஸ் என்பவரின் சோப்ரானோ சாக்ஸபோன் அவசரமே இல்லாமல் உள்ளே வரும். இந்தச் சாண்டர்ஸ், ஜான் கோல்ட்ரேனோடு சேர்ந்து காது கிழிய அலறவிட்ட ஆள். இங்கே எவ்வளவு பதமாக வாசிக்கிறார் பார். இதில் துக்கம் இருக்கிறது, ஆனால் நம்மை உட்காரவைத்து அழச் சொல்லாத துக்கம்.

ஏன் இதைக் கேட்கும்போது மனசு அலைபாயாமல், அதே சமயம் கட்டுப்பட்டும் கிடக்காமல் இருக்கிறது என்று யோசித்தேன். அடியில் ஒன்று அசையாமல் நிற்கிறது, அதனால்தான் என்று தோன்றுகிறது. தம்புராவும் பாஸும் முளைக்குச்சி. நீளக் கயிற்றில் கட்டின மாடு மாதிரி மனசு அது பாட்டுக்கு மேய்கிறது. வரிகள் இருந்தால் நான் கூடவே பாடத் தொடங்கிவிடுவேன், அர்த்தம் பின்னாலேயே வந்துவிடும். இதில் பிடித்துத் தொங்க வார்த்தை இல்லை. போன வாரம் கேட்டபோது, பி.ஏ.பி. பாசன வாய்க்காலில் அந்தக் காலத்தில் நாம் குதித்த மதகு, அதில் பாசி பிடித்து வழுக்கும் இரண்டாவது படி, உன் அண்ணன் சட்டையை நீ துவைகல்லில் மறந்துவிட்டு வந்தது எல்லாம் தானாக வந்தது. ஒன்றையும் நான் கூப்பிடவில்லை.

சாண்டர்ஸ் கதை அதோடு முடியவில்லை. எண்பதை நெருங்கும் வயதில், தன்னைவிட நாற்பது வயதுக்கு மேல் இளைய ஓர் ஆங்கிலேயரோடு சேர்ந்து 'பிராமிசஸ்' என்ற தட்டைப் போட்டார். அந்த இளைஞர் ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயரில் எலக்ட்ரானிக் இசை செய்பவர், நரம்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். லண்டன் சிம்பொனி இசைக்குழுவும் உண்டு. 2021இல் வந்தது. மொத்தம் ஒன்பது பகுதி, முக்கால் மணி நேரம். ஏழு சுரம் கொண்ட ஒரு சின்னத் துணுக்கு, பிறகு இடைவெளி, மறுபடி அதே துணுக்கு. கிட்டத்தட்ட முழுக்க இப்படித்தான். அந்த இடைவெளிகளில் சாண்டர்ஸ் வாசிக்கிறார், நாலாவது பகுதியில் சாக்ஸபோனை விட்டுவிட்டு வாயாலேயே ஏதோ முணுமுணுக்கிறார். தாத்தா கைக்குழந்தையிடம் பேசுகிறாரா, தனக்குத்தானே பேசிக்கொள்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆறாவது பகுதியில் வயலின்கள் கூட்டமாக எழும்பும்போது மட்டும் கொஞ்சம் பயமாக இருக்கும். அடுத்த ஆண்டே சாண்டர்ஸ் காலமானார். யாழினிதான் இதை எனக்கு அனுப்பினாள். "அப்பா, பாதியில் நிறுத்தாதீங்க" என்று குறிப்பு வேறு.

கேட்கிற முறையும் முக்கியம். ஹெட்போனை இறுக்கி மாட்டாதே, சத்தத்தைக் குறைத்து வை. பிரையன் ஈனோ என்ற இங்கிலாந்துக்காரர் 1975இல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தாராம். பார்க்க வந்த தோழி ஒரு ஹார்ப் இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போக, அதைப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்த பிறகுதான் கவனித்திருக்கிறார்: சத்தம் ரொம்பக் குறைவு, ஒரு பக்க ஸ்பீக்கர் வேலையே செய்யவில்லை. எழுந்து போய்த் திருகத் தெம்பில்லை. வெளியே மழை. மழையோடு மழையாக இசையும் கேட்கட்டும் என்று விட்டுவிட்டார். 'ஆம்பியண்ட்' என்று பிற்பாடு அவர் பெயர் வைத்த இசைக்கு அதுதான் வித்து. எழுபதுகளின் கடைசியில் விமான நிலையங்களுக்கென்றே ஒரு தட்டுப் போட்டார். எனக்கு அது கொஞ்சம் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறது, ஆனால் யாழினி அதைப் போட்டுக்கொண்டுதான் படிக்கிறாள்.

"இளையராஜா இருக்கும்போது இதெல்லாம் எதற்கு" என்று நீ கேட்பாய். ராஜா பாட்டைக் கேட்டால் நான் ராஜாவைத்தான் கேட்கிறேன், வேறெங்கும் போக முடிவதில்லை. நீயும் அப்படித்தானே?

கடன் இதனால் அடையாது, அது எனக்கும் தெரியும். சொசைட்டி செயலாளர் என் மச்சானுக்குப் பழக்கம், தவணையைத் தள்ளிவைக்க வழியுண்டா என்று கேட்டுச் சொல்கிறேன். வெட்டின மரங்களுக்கு நிவாரணம் கேட்டு மனு கொடுத்தாயா? நகல் இருந்தால் அனுப்பு. தை பிறந்ததும் சாந்தியும் நானும் வருகிறோம். சின்ன ஸ்பீக்கரை எடுத்து வருகிறேன், நீ இளநி மட்டும் வெட்டி வை.

அன்புடன்,
கதிர்வேல்
சிங்காநல்லூர்