பூனைக்கு ஒரு நரி

மாமல்லபுரம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பேரன் காதுகுத்துக்கு நான் வராத கோபம் வரிக்கு வரி தெரிகிறது. காரணம் மாடியறையில் இருந்தது. ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மா, நம் வயதுதான், மூன்று நாள் தங்குவதாக வந்தவர் பதினாறு நாள் இருந்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரரின் பட்டறையில் உட்கார்ந்து உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். கருங்கல் எங்கே வசப்படும்? மாக்கல்லில் ஓர் ஆமை. அதன் தலையும் நான்காம் நாள் உடைந்து, இரண்டாவது ஆமை தொடங்கியது.

இரண்டாம் நாள் காலையில் காபி கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளருக்கு அடியில் ஐம்பது ரூபாய் வைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அறை வாடகையை எண்ணி வாங்குகிறவள்தான் நான். ஆனாலும் காபிக்குக் காசா? திருப்பிக் கொடுத்தால் அவர் முகம் வாடிவிட்டது. சும்மா குடித்தால் கடன்பட்டதுபோல் இருக்கிறதாம். மறுநாள், கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு வந்து என்னை மடக்கினார்: "டிக்கெட் உங்களுக்கு 40 ரூபாய், எனக்கு 600 ரூபாய். அங்கே அந்நியர், உன் அடுக்களையில் மட்டும் விருந்தாளியா?" என் அரைகுறை இங்கிலீஷில் இதற்கு என்ன பதில் சொல்வது? இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன். அதற்குக் காசு வைக்கவில்லை.

ஒரு மாலை, டிக்கெட் இல்லாத அர்ச்சுனன் தபசுக்குக் கூட்டிப்போனேன். ஏறத்தாழ 90 அடி நீளப் பாறைச் சிற்பம். தவம் செய்வது அர்ச்சுனனா பகீரதனா என்று கைடுகள் இன்னும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஏசி பஸ்ஸில் வருகிறவர்கள் யானைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். குறையாகச் சொல்லவில்லை, பட்டறை வாசலில் இருக்கும் பிள்ளையாரும் புத்தரும் விற்பது அவர்களால்தான்.

நான் காட்டியது, அந்த யானைக்குப் பக்கத்தில் இருக்கும் பூனையை. முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு முனிவரைப்போலவே தவம் செய்கிறதே, அதேதான். காலடியில் எலிகள். உருத்திராட்சப் பூனை என்று நாம் யாரைச் சொல்வோம் என்பதையும் விளக்கினேன் (உன் சின்ன மாமனாரைத்தான் உதாரணம் காட்டினேன், மன்னித்துக்கொள்). அந்த அம்மா சிரித்த சிரிப்பில் சுண்டல்காரரே திரும்பிப் பார்த்தார். அவர்கள் பக்கத்துப் பழைய தேவாலயங்களில், நரி ஒன்று பாதிரியார் அங்கி போட்டுக்கொண்டு வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்கிற சிற்பம் உண்டாம். நரி பிரசங்கம் செய்தால் வாத்துகளைப் பார்த்துக்கொள் என்று பழமொழியும் இருக்கிறதாம். வீட்டுக்கு வந்ததும் என் பால் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் வரைந்தே காட்டினார்.

அவர் ஊருக்குப் போய்விட்டார். தலையுள்ள ஆமை அவரோடு போயிற்று. தலையில்லாதது என் அம்மிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

டிசம்பர் கடைசியில் நாட்டிய விழா தொடங்கிவிடும். மாடியறையை உனக்கென்று ஒதுக்கி வைக்கிறேன், பேரனையும் கூட்டிக்கொண்டு வா. வீட்டுக்காரரோ அந்தப் பால் கணக்குத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து நரியைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு யாளி செதுக்குகிற மனிதர், நரிமுகம் நாய்முகமாகவே வருகிறது என்று மூன்று நாளாகப் புலம்புகிறார்.

அன்புடன்,
செல்வி