ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹெரோயினுக்குப் பழகிவிட்ட என் மகனை என்ன செய்யப்போகிறாய் என்று கடந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மகன் பக்கத்து அறையில் இருந்தான். "ஒன்றில் அவனை இங்கே அனுப்பு, இல்லாவிட்டால் கந்தகாட்டுப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பு" என்றீர்கள். பதிலை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதே கேள்வி வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்தின் பல வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. தாய்மாரும் "அவன் சுகமாக இருக்கிறான்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். மூன்று மாதம் நானும் அப்படித்தான் வைத்தேன். மகனுக்குச் சொல்லிவிட்டே எழுதுகிறேன். தன் பெயரைப் போடக்கூடாது என்று மட்டும் கேட்டான்.

அம்மாவின் பெயரெழுத்து வெட்டிய வெண்கலச் செம்பு சாமியறையில் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது காணாமற்போன கிழமை, முற்றம் கூட்ட வருகிற அக்காவைச் சந்தேகித்து, வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பாவத்துக்கு இன்னும் மன்னிப்புக் கேட்டு முடியவில்லை. அதற்குப் பிறகுதான், பள்ளிக்கூடக் காற்சட்டையைத் தோய்க்கப் போட்டபோது, பையிலிருந்து நான்காக மடித்த ஈயத்தாள் ஒன்று விழுந்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் தாள். விரித்தால் நடுவிலே நத்தை ஊர்ந்த தடம்போல ஒரு கறுப்புக் கோடு. ஹெரோயினைச் சூடாக்கிப் புகைத்த தடம் அது. இதைப்போன்ற தாள்களை அதற்கு முன்பு இரண்டு தடவை ரொபித் தாள் என்று நினைத்துக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

இந்தப் போதைப்பொருளை யார் திட்டமிட்டுக் கொண்டுவந்து எங்கள் பிள்ளைகளுக்குள் விட்டார்கள் என்று நீங்கள் நீண்ட நேரம் பேசினீர்கள். அந்தப் பேச்சு இங்கேயும் எல்லாத் தேநீர்க்கடைகளிலும் நடக்கிறது. உண்மையாகவே இருக்கட்டும், இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும்போது அது எனக்கு எதற்கு உதவும்?

பொலிஸில் ஒப்படைத்தால் பயந்து திருந்துவான் என்றும் சொன்னீர்கள். 2022 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி ஐஸ் என்ற இன்னொரு போதைப்பொருளை 5 கிராம் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுட்தண்டனை வரை போகலாம். ஒரு கரண்டி சீனியளவுதான் அது. போதைப்பொருளுக்காகக் கடன்பட்ட பையன்களிடம் விற்பவர்கள் "இந்தப் பொட்டலத்தை அங்கே கொடுத்துவிட்டு வா" என்று கொடுத்துவிடுகிறார்கள் என்பது தெரிந்த நாளிலிருந்து, அவன் புகைத்ததைவிட அவன் கடன்பட்டதே என்னை அதிகம் பயமுறுத்துகிறது. கந்தகாட்டிலோ 2022 யூன் மாதம் மோதல் நடந்து, ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். வளர்ந்த ஆண்கள் நிறைந்த அந்த இடத்துக்குப் பதினைந்து வயதுப் பிள்ளையை அனுப்ப எனக்கு மனம் இல்லை.

நாங்கள் போனது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு. ஊரார் கண்ணில் படாமல் போகவேண்டும் என்று முதல் நாள் ஓட்டோவின் இருபக்கத் திரையையும் இறக்கிவிட்டுக்கொண்டு போனேன். அங்கே வைத்தியர் சொன்னதை நீங்களும் கேட்டிருக்கவேண்டும். ஹெரோயினை நிறுத்தி 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் வயிற்றோட்டமும் உடல் உளைவும் உச்சத்துக்கு வரும். ஒரு கிழமைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த ஒரு கிழமையை வைத்தே பிள்ளை சுகமாகிவிட்டான் என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். உடல் பழக்கத்தை மறந்த பிறகு, முன்பு எடுத்த அதே அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். ஆகவே, விட்ட பிறகு வரும் மாதங்கள்தான் ஆபத்தானவை என்றார். கனடாவுக்கு அனுப்புவது பற்றிய என் பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. அந்த மாதங்களில் அவன் மொழி தெரியாத ஊரில், நீங்களும் மச்சாளும் இரண்டு வேலைக்குப் போய்விட்ட வீட்டில், தனியே இருக்கவேண்டியிருக்கும்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். விடயம் தெரிந்ததும் பள்ளிக்கூடம் என்னைக் கூப்பிட்டு, விடுகைப் பத்திரத்தைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டால் பிள்ளையின் பெயர் கெடாது என்று மரியாதையாகவே சொன்னது. மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் பதில் சொல்லவேண்டிய இடம் அது என்பது எனக்கு விளங்காமலில்லை. ஆனால் பதினைந்து வயதில் காலை ஏழரைக்கு மணி அடிக்கும் ஓர் இடம் இல்லாமற்போனால், நாள் முழுவதும் அவனுக்காகக் காத்திருப்பவர்கள் யார் என்பது எங்கள் சந்திக்கு வந்தால் தெரியும். 2016 முதல் இந்த நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம். அதை எழுதி எடுத்துக்கொண்டு வலயக் கல்விப் பணிமனைக்கு நான்கு தடவை போனேன். நான்காவது தடவை, காலையில் வகுப்பாசிரியரிடம் நேரில் முகம் காட்டவேண்டும், கிளினிக் அட்டையை மாதம் ஒருமுறை கொண்டுவந்து காட்டவேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார்கள். ரியூசனை நானே நிறுத்தினேன். பொட்டலம் கைமாறியது ரியூசன் வாசலில்தான்.

இடையில் ஒருமுறை தவறினான். அதை உங்களுக்கு மறைத்தேன். அந்தக் காசு, பிறந்தநாளுக்கு நீங்கள் அவன் பெயருக்கே அனுப்பியது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அண்ணா. அப்போது உங்களுக்கு எதுவும் தெரியாது, தெரியாமல் வைத்திருந்தது நான். இனிமேல் அவன் கைக்குக் காசு வேண்டாம், மோட்டார் சைக்கிளும் வேண்டாம்.

சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. கணிதத்தில் இருபடிச் சமன்பாட்டோடு நிற்கிறான், எனக்கு அது வராது. ஒரு காலத்தில் பாதி ஊருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். சனிக்கிழமை உங்களுக்குக் காலை ஒன்பது மணி, எங்களுக்கு மாலை ஆறரை. வட்ஸ்அப்பில் வீடியோவைப் போட்டுவிடுங்கள். கொப்பியோடு மேசையில் இருப்பான். போதையைப் பற்றி மட்டும் நீங்களாக எதுவும் கேட்காதீர்கள்.

உங்கள் தங்கை