சைக்கிளில் தெரிகிற ஊர்

அன்புள்ள முரளிக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டியது போதும், விடு. வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

நான் இப்போது வேலைக்குச் சைக்கிளில் போகிறேன். இத்தனை வருடம் காரில் போன அதே சாலைதான், ஆனால் அதில் ஒரு ஏற்றம் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. எந்தத் திருப்பத்தில் எதிர்காற்று அடிக்கும், எந்தத் தெருவில் காலையில் நிழல் விழும் என்றெல்லாம் உடம்பே மனப்பாடம் செய்துகொள்கிறது. கண் தரையை விட்டு நகர்வதில்லை. வடிகால் மூடியையே எடுத்துக்கொள். அதன் கம்பிகள் சாலைக்குக் குறுக்கே இருந்தால் டயர் தடதடவென்று தாண்டிவிடும். சாலை போகிற திசையிலேயே இருந்தால் சக்கரம் இடுக்கில் இறங்கி ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். அதை மாட்டியபோது சைக்கிள்காரனை யாராவது நினைத்தார்களா என்பதை அந்த ஒரு மூடியே சொல்லிவிடும். அப்படிப் பார்க்கத் தொடங்கினால் ஊர் முழுக்க யார் யாரை மனதில் வைத்துக் கட்டினார்கள் என்று தெரிந்துவிடுகிறது முரளி!

நெதர்லாந்தில் குரோனிங்கன் என்றொரு ஊர். 1977-ல் நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்குக் கார் நேராகப் போக முடியாது, வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். சைக்கிளுக்கு நேர்வழி. கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தும் திட்டம் நிலைத்துவிட்டது.

நீ உடனே "அது அவர்கள் ஊர்" என்பாய், எனக்குத் தெரியும். அந்த நாட்டிலும் 1971-ல் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் 400-க்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் மாறியது.

உன் மகள் பள்ளிக்குச் சைக்கிளில் போகிறேன் என்றதற்கு நீ முடியாது என்றாயாமே. உன் பயம் நியாயம்தான். ஆனால் அந்த வழியை நீ பைக்கில் மட்டும்தானே பார்த்திருக்கிறாய்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் ஒரு சைக்கிளை எடு. அவளை முன்னே விட்டு நீ பின்னால் போ. நிற்கிற கார்களின் கதவு திறந்தால் இடிக்காத தூரத்தில் ஓட்டச் சொல். அவள் எங்கே தயங்குகிறாள், எங்கே இறங்கித் தள்ளுகிறாள் என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

பார்த்ததை எனக்கு விவரமாக எழுது.

அன்புடன்,
சேது