15 மில்லியிலிருந்து தொடங்கச் சொன்னவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

சிங்கப்பூரில் பசும்பால் புரதம் ஒவ்வாத கைக்குழந்தைகளின் பெற்றோர் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. மருத்துவர் எழுதித் தந்த சிறப்புப் பால்மாவை வாயில் வைத்ததும் துப்பிய பிள்ளைகள் எங்களுடையவை. அந்தப் பிள்ளைகள் இன்று வயிறு நிறையக் குடிப்பதற்கு நீங்கள் காரணம். பெயர் போட்டு எழுதினால் கூச்சப்படுவீர்கள். அதனால் நீங்கள் செய்ததை மட்டும் விவரமாக எழுதுகிறோம். இன்று இதே நிலையில் நிற்கும் வீட்டுக்கும் அது உதவட்டும்.

முதல் நன்றி உணவியல் நிபுணர்களுக்கு. பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறது என்று நாங்கள் சொன்னபோது, அந்தப் பாலை ஒரு தேக்கரண்டி எங்களையே குடித்துப் பார்க்கச் சொன்னீர்கள். கசப்பு, லேசான புளிப்பு, தொண்டையில் தங்கும் ஒரு வாடை. உடல் அடையாளம் கண்டுகொள்ளாத அளவுக்குப் பால் புரதத்தை நொதிகளால் துண்டு துண்டாக உடைக்கிறார்கள்; அந்தச் சிறு துண்டுகளும் தனித்துப் பிரிந்த அமினோ அமிலங்களும்தான் கசக்கின்றன. பசும்பால் ஒவ்வாத பிள்ளைகளில் 90 விழுக்காட்டினராவது இந்த உடைத்த புரத மாவை ஏற்றுக்கொள்வார்கள். அதுவும் ஒவ்வாதவர்களுக்கும், கடுமையான எதிர்வினை வந்தவர்களுக்கும், எடை ஏறாதவர்களுக்கும் அமினோ அமில மாவு. இந்த வரிசையைப் பொறுமையாக விளக்கியதோடு, மூன்று நாளில் பலன் தெரியவில்லை என்று டின்னை மாற்றக்கூடாது என்றும் சொன்னீர்கள். வாந்தி சீக்கிரம் குறையலாம். தோல் அரிப்பும் மலத்தில் சளியும் ரத்தமும் அடங்க 2 முதல் 4 வாரம் ஆகும். மலம் கரும்பச்சையாகப் போவது இந்த மாவுக்கு இயல்பு என்பதையும் முன்பே சொல்லி, பல இரவுகளின் பயத்தைப் போக்கினீர்கள்.

வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதையும் உங்களிடமிருந்தே அறிந்தோம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் உள்ள மோனெல் ஆய்வு நிலையத்தில் ஜூலி மெனெல்லாவும் கேரி போசாம்பும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பிறந்த முதல் சில மாதங்களுக்குள் இந்தச் சுவையைப் பழகிய குழந்தைகள் பிறகும் மறுப்பதில்லை. அதுவரை சுவைக்காமல் ஏழு மாதம் போல முதன்முறை சுவைத்தவர்கள் மறுத்தார்கள் என்று அவர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஏறத்தாழ 4 மாதத்தில் கதவு மெல்ல மூடுகிறது. நம் ஊரில் 16 வார மகப்பேற்று விடுப்பு முடிவதும் ஏறக்குறைய அப்போதுதான். அதனால் ஒவ்வாமை உறுதியாகி, வேலைக்குத் திரும்பியதும் மாவு தேவைப்படும் என்று தெரிந்தால், விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே நாளுக்கு ஒரு வேளை சிறிதளவு கொடுத்துப் பழக்கச் சொன்ன உணவியல் நிபுணருக்குத் தனி நன்றி. இந்த மடலில் உள்ளவற்றுள் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

கதவு மூடிய பிறகு வந்தவர்களுக்கு நீங்கள் காட்டிய வழி கலவை. 120 மில்லி புட்டியில் முதல் 2 நாள் 105 மில்லி தாய்ப்பாலும் 15 மில்லி மாவுப்பாலும். அடுத்த 2 நாள் 90-க்கு 30. பிறகு 75-க்கு 45. இப்படி 15 மில்லியாகக் கூட்டினால் 8 படி, 16 நாள். ஒரு படியில் பிள்ளை முகத்தைத் திருப்பினால் முந்தைய படிக்கு இறங்கி மூன்று நாள் அங்கேயே நிற்பது. இறங்குவதைத் தோல்வியாக எண்ணாமல் இருக்கப் பெற்றோருக்கும் பழக்கம் வேண்டும். ஒரு மாதம் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிள்ளைகளும் உண்டு.

இந்தக் கலவையில் வீடுகள் தவறும் இடங்களை நீங்கள் முன்கூட்டியே காட்டினீர்கள். மாவை நேராகத் தாய்ப்பாலில் போடக்கூடாது. முதலில் அதற்குரிய தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து, அப்புறம்தான் தாய்ப்பாலோடு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பால் அளவுக்கு மீறிக் கெட்டியாகி, சிறுநீரகத்துக்குச் சுமையாகும். கரண்டியும் டின்னுக்கு டின் மாறும். ஒன்றில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி, இன்னொன்றில் 60 மில்லிக்கு ஒன்று. பழைய டின்னின் கரண்டியைப் புது டின்னில் போட்டுவைக்கும் பழக்கம் நம் சமையலறைகளில் சர்வ சாதாரணம்; அதை அன்றே நிறுத்தச் சொன்னீர்கள். உறைய வைத்த தாய்ப்பாலில் சோப்பு வாடை அடித்தால் பிள்ளை அதையும் மறுக்கும், பழி மாவின் மேல் விழும். ஆகவே கலவைக்குப் புதிதாகக் கறந்த பால். மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது என்பதால் முதலில் அதே விகிதத்தில் 60 மில்லி மட்டும் கலக்குவது. கலந்த பால் நம் ஊர் வெக்கையில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. பிள்ளை வாய் வைத்தது என்றால் ஒரு மணி நேரம்தான்.

தாய்ப்பால் இல்லாத வீடுகளில் பழைய பசும்பால் மாவோடு கலக்கலாமா என்ற கேள்விக்கு நீங்கள் நயமாகப் பேசவில்லை, உறுதியாகப் பேசினீர்கள். குடித்த சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி வந்த பிள்ளைக்கு ஒரு சொட்டுகூடக் கலக்கக்கூடாது. மூச்சுத் திணறினாலோ துவண்டு போனாலோ உடனே அவசர மருத்துவ ஊர்திக்கு 995-ஐ அழைக்க வேண்டும். மெதுவாகத் தெரியும் லேசான ஒவ்வாமைக்கு மட்டும், அதுவும் மருத்துவர் சம்மதித்தால் மட்டும், சில நாள் கலவை. அந்த நாள்கள் முழுவதும் ஒவ்வாத பொருள் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்பதால் முன்னேற்றத்தைக் கலவை முடிந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

கலக்கவே முடியாத அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொன்ன சின்னச் சின்ன வழிகளுக்கும் நன்றி. பால் சூடாக இருந்தால் வாடை கிளம்பும். தயாரித்த பிறகு ஆறவிட்டு, அறை வெப்பத்திலோ குளிர்ச்சியாகவோ கொடுத்துப் பார்க்கலாம். மதுசாரம் இல்லாத வெனிலா எசென்ஸ் புட்டிக்கு ஒன்றிரண்டு சொட்டு விட்டு, பிள்ளை பழகியதும் குறைத்துக்கொண்டே வருவது. தேன் ஒரு வயது வரை ஆகவே ஆகாது. சர்க்கரையும் வேண்டாம். 6 மாதம் தாண்டியவர்களுக்கு மூடிய குவளையோ உறிஞ்சு குழலோ மூக்குக்கு எட்டாமல் பாலை உள்ளே அனுப்பும். கதறும் அளவுக்குப் பசிக்க விட்டுவிட்டுக் கொடுத்தால் பிள்ளை புட்டியையே பகையாக நினைக்கும். லேசாகப் பசிக்கும்போது, அதிலும் விடியற்காலை முதல் வேளையில் முயல்வது நல்லது. கையைப் பிடித்து ஊற்றவே கூடாது. முக்கியமாக, பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் மூக்கைச் சுளிக்கக்கூடாது!

முதல் சொட்டிலேயே முகத்தைத் திருப்பினால் சுவை. ஆவலாகக் கொஞ்சம் குடித்துவிட்டு உடம்பை வில்லாக வளைத்து அழுதால் வலியா என்று பார்க்க வேண்டும். எதுக்களிப்பு, வாய்ப்புண், மூக்கடைப்பு, புட்டிக் காம்பின் துளை என்று வேறு காரணங்கள் இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கற்றுத்தந்த தாய்ப்பால் ஆலோசகர்களுக்கும் தாதியருக்கும் வணக்கம்.

பாட்டிமார்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! தேக்காவில் தேடிப் பிடித்துப் பால் புகட்டும் பாலாடையும் சங்கும் வாங்கி வந்தீர்கள். புட்டியைக் கண்டாலே அழும் பிள்ளைக்கு அது புதுப் பொருள், பழைய வெறுப்பு ஒட்டிக்கொள்ளாத பொருள். பிள்ளையை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, 5 மில்லி மட்டும் எடுத்து, பாலாடையின் மூக்கைப் பிள்ளையின் உதட்டோரம் வைத்து, அதுவாக நக்கி விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த வாய். ஊற்றினால் புரையேறும் என்று ஒவ்வொரு முறையும் சொன்னது நீங்கள். படுக்கவைத்துப் புகட்டும் பழைய வழக்கத்தை மருத்துவர் சொன்னதும் விட்டதும் நீங்கள். குளிப்பாட்டும்போது பாலேடு தடவுவதைக் கைவிட்டதற்கும் சேர்த்து நன்றி. ஒவ்வாத பால் தோலில் பட்டாலும் தடிக்கும்.

பலதுறை மருந்தகத் தாதியரே, நீங்கள் எண்ணிப் பார்க்கக் கற்றுத்தந்தீர்கள். முதல் 6 மாதத்தில் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி, அதாவது 6 கிலோ பிள்ளைக்கு நாளுக்கு 900 மில்லி. ஒரு வேளை குறைந்தால் கலங்காமல் 24 மணி நேரக் கூட்டுத்தொகையைப் பார்ப்பது. ஈர அணையாடை நாளுக்கு 6. வழக்கத்தில் பாதிகூட இறங்கவில்லை, சிறுநீர் குறைகிறது, உச்சிக்குழி உள்வாங்குகிறது, பிள்ளை சோர்ந்து கிடக்கிறது என்றால் சுவைப் பயிற்சி எல்லாம் அப்புறம், முதலில் மருத்துவமனை. எடையைச் சுகாதாரக் கையேட்டின் வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்துக் காட்டியபோதுதான், குறைவாகக் குடிப்பதாக நாங்கள் நினைத்த பல பிள்ளைகள் தம் கோட்டிலேயே வளர்கிறார்கள் என்று புரிந்தது.

மருந்துக் கடையில் ஆட்டுப்பால் மாவைக் கையில் எடுத்த எங்களைத் தடுத்த மருந்தாளர்களே, அது பெரிய உதவி. ஆடு, எருமை இரண்டின் பால் புரதமும் பசும்பாலோடு அவ்வளவு ஒத்தது. பசும்பால் ஒவ்வாத 10 பேரில் 9 பேருக்கு மேல் ஆட்டுப்பாலும் ஒவ்வாது. லாக்டோஸ் நீக்கிய பாலில் சர்க்கரைதான் போயிருக்கிறது, புரதம் அப்படியே இருக்கிறது. அரைகுறையாக உடைத்த புரத மாவும் இதற்கு மருந்தல்ல. சோயா மாவை 6 மாதத்துக்கு முன் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை, அதன் பிறகும் சிலருக்கு ஒவ்வாது. அரிசிப் பால், பாதாம் பால் முதலியவை ஒரு வயதுக்குள் பாலுக்கு ஈடாகவே ஆகா.

கோப்பிக்கடைத் தண்ணீர்க் கடைக்காரர்களுக்கும் இங்கே இடம் உண்டு. தாய் உண்ணும் பால் புரதம் தாய்ப்பால் வழியே பிள்ளைக்குப் போகும் என்பதால் பாலூட்டும் தாய்க்கும் பால் விலக்கு என்று அறிந்து, கேட்காமலே ‘தே ஓ’, அதாவது பால் சேர்க்காத தேநீர், போட்டுத் தந்தீர்கள். ‘தே’ என்றால் கெட்டிப்பால், ‘தே சி’ என்றால் ஆவியாக்கிய பால், இரண்டும் ஆகாது. காப்பி, சர்க்கரை, வெண்ணிறத் தூள் மூன்றும் கலந்த காப்பித் தூள் பொட்டலத்தில் இருக்கும் ‘பாலில்லா’ வெண்ணிறத் தூளில் பெரும்பாலும் சோடியம் கேசினேட் இருக்கிறது. அது பால் புரதமேதான். தேங்காய்ப்பால் பாலல்ல என்பது சரி, ஆனால் பல தேங்காய்ப்பால் தூள்களில் அதே கேசினேட் சேர்த்திருப்பார்கள். துருவிப் பிழிந்துவிடுங்கள். பரோட்டா மாவில் நெய்யும் கெட்டிப்பாலும், பிரியாணியில் தயிர், காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டியில் வெண்ணெய், ரொட்டி மாவில் பால் தூள் என்று கேட்ட போதெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்ன கடைக்காரர்களுக்கு வாழ்த்து. நெய்யில் புரதம் துளியாவது தங்கும் என்பதால் இட்லி, தோசைக்கு நல்லெண்ணெய்.

பொட்டலத்தில் அடைத்த உணவில் பாலோ பாலிலிருந்து எடுத்த பொருளோ இருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு விதிமுறை. ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும், ஏனென்றால் அதே பிஸ்கட்டின் செய்முறை சத்தமில்லாமல் மாறும். தாய்மார்கள் நாளுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தையும் வைட்டமின் டியையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொண்ட கணவன்மார்களையும் மறக்கவில்லை.

திட உணவு தொடங்கியதும் கேழ்வரகுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. தண்ணீரிலேயே கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு வந்தபின் 30 முதல் 60 மில்லி சிறப்புப் பாலைச் சேர்த்து, பழுத்த வாழைப்பழத்தைப் பிசைந்தால் கசப்பு அடங்கிவிடும். மாவுப்பாலை அடுப்பில் கொதிக்க விடக்கூடாது. கூழில் போன மில்லியையும் நாள் கணக்கில் சேர்க்கலாம் என்று சொன்ன அக்காவுக்கு நன்றி. புட்டிக்காக நடந்த போராட்டம் பல வீடுகளில் அன்றோடு தணிந்தது.

பிள்ளைப் பராமரிப்பு நிலைய ஆசிரியைகளும் இல்லப் பணிப்பெண்களும் செய்தது கண்ணுக்குத் தெரியாத வேலை. தனி நிற நாடா ஒட்டிய புட்டி, தனித் தூரிகை, முதலில் எங்கள் பிள்ளைக்குக் கலந்துவிட்டுப் பிறகு மற்றப் பிள்ளைகளுக்கு, மேசையில் சிந்திய பாலை உடனே துடைப்பது. மீதமான மில்லியைத் தினமும் எழுதித் தந்தீர்கள். அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் உணவியல் நிபுணர் அடுத்த படியை முடிவு செய்தார். தீபாவளிக்கு வந்து, பால்கோவாவைக் கிள்ளிப் பிள்ளை வாயில் வைக்கப்போன கையை, பெற்றவர்களிடம் கேட்டு நிறுத்திக்கொண்ட உறவினர்களுக்கும் அதே அளவு நன்றி. பஞ்சாமிர்தத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் நெய் உண்டு என்று கோயிலில் நினைவூட்டியவர்களுக்கும்தான்.

பிள்ளை வளர்ந்து, திறக்காத டின்களை எங்களிடம் தந்துவிட்டுப் போன குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த டின்களின் விலை எங்களுக்குத் தெரியும். காலாவதி நாளையும் அடிப்பாகத்தில் நசுங்கல் இருக்கிறதா என்பதையும் பார்த்து, பிள்ளையின் மருத்துவர் எழுதிய அதே வகைதானா என்று சரிபார்த்து, இப்போது நாங்களும் அடுத்தவர்களுக்குக் கொடுக்கிறோம். திறந்த டின்னை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. திறந்து ஏறத்தாழ ஒரு மாதம்தான் அதன் ஆயுள், பிறர் கரண்டி பட்டதா என்பதும் தெரியாது. அங் மோ கியோவிலிருந்து ஜூரோங் வரை டின்னைச் சுமந்து வந்து வீட்டு வாசலில் வைத்தவர்களே, உங்கள் பிள்ளைகள் இப்போது மருத்துவர் சொன்னபடி பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டின் முதல் துண்டைச் சாப்பிடுகிறார்களாம். கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

நன்றியுடன்,
பசும்பால் ஒவ்வாத பிள்ளைகளின் பெற்றோர் சிலர்,
சிங்கப்பூர்