'வான்ட்' முதலில் ஆசை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பிதழின் ஆங்கிலச் சொல் விளக்கத்தில், 'வான்ட்' என்பதற்கு 'விரும்பு' என்பதே மூலப்பொருள், 'இல்லாமை' பிறகு கிளைத்தது என்று வந்திருந்தது. வரிசை தலைகீழ்.

இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர் பேசிய நார்ஸ் மொழியில் 'வன்ட்டா' என்றால் குறைவுபடு. அது 1200ஐ ஒட்டி ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. இல்லாதது தேவைப்படும், தேவைப்படுவதை மனம் நாடும். இப்படிப் படியேறி 'விரும்பு' என்ற பொருள் ஊன்றியது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். நம் 'வேண்டும்' தேவையையும் விருப்பத்தையும் சேர்த்தே சுமப்பதால் இந்த நகர்வு நமக்கு உறைப்பதில்லை.

1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தின் 23ஆம் சங்கீதத்தில் வரும் 'ஐ ஷால் நாட் வான்ட்' என்பதை இன்றைய பழக்கத்தில் படித்தால் 'விரும்பமாட்டேன்' என்றாகிவிடும். தமிழ் வேதாகமத்தில் 'நான் தாழ்ச்சியடையேன்'. தானியேல் 5:27இன் 'ஃபவுண்ட் வான்ட்டிங்' தமிழில் 'குறையக்காணப்பட்டாய்'. இரண்டும் சரி.

இதன் உறவுகள் சுவையானவை. நிலவு தேய்வதைச் சொல்லும் 'வேன்' இதே வேர். அடங்காத்தனத்தைக் குறிக்கும் 'வான்ட்டன்' இடைக்கால ஆங்கிலத்தில் 'வன்' (இல்லாத) என்ற முன்னொட்டோடு 'பழக்கி வளர்க்கப்பட்ட' என்பது சேர்ந்து உண்டானது. லத்தீன் வழி வந்த 'வெயின்' (வெறுமையான) தூரத்துச் சொந்தம். சமஸ்கிருத 'ஊன'வும் அந்த வேரிலிருந்து வந்ததே. அதைத்தான் 'ஊனம்' என்று எடுத்துக்கொண்டோம். இந்தியில் 19ஐ 'உன்னீஸ்', 29ஐ 'உன்தீஸ்' என்பதில் முன்னால் நிற்கும் 'உன்' அதன் எச்சம்: இருபதுக்கு ஒன்று குறை, முப்பதுக்கு ஒன்று குறை.

படிக்கும்போது பொருளைப் பிரிப்பது கடினமல்ல. பெயர்ச்சொல்லாக நின்று பின்னால் 'ஆஃப்' வந்தால் இல்லாமை. 'வான்ட்டிங் இன்' என்றால் குறை. 'வான்ட் ஃபார் நத்திங்' என்றால் ஒரு குறையும் இல்லை. உயிரற்ற பொருள் எழுவாயானால் பெரும்பாலும் தேவை: 'தி ஹவுஸ் வான்ட்ஸ் பெயின்டிங்' என்பது வீட்டுக்கு வர்ணம் பூச வேண்டும் என்பதே. 1941 ஜனவரி 6 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அறிவித்த நான்கு சுதந்திரங்களில் 'ஃப்ரீடம் ஃப்ரம் வான்ட்' ஒன்று; 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் முகவுரையிலும் 'வான்ட்' உண்டு. வறுமையிலிருந்து விடுதலை என்பது பொருள். 'ஆசையிலிருந்து விடுதலை' என்று பெயர்த்தால் ரூஸ்வெல்ட் புத்தராகிவிடுவார்!

நீதிமன்றச் செய்தி எழுதுவோருக்கு இரட்டைப் பொறி ஒன்று உண்டு. 'டிஸ்மிஸ்ட் ஃபார் வான்ட் ஆஃப் ப்ராசிக்யூஷன்' என்பதில் 'வான்ட்' கோரிக்கை அல்ல. 'ப்ராசிக்யூஷன்' அரசுத் தரப்பும் அல்ல, வழக்கைத் தொடர்ந்து நடத்துவது. மனுதாரர் வழக்கை நடத்தாததால் தள்ளுபடி என்று எழுத வேண்டும். 'அரசுத் தரப்பு கேட்டுக்கொண்டதால் தள்ளுபடி' என்று அச்சேறினால், வழக்கைக் கைவிட்டவரின் பொறுப்பு அதில் பங்கே இல்லாத அரசின் தலையில் விழும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.